நுரைச்சோலை 500 வீடு

வீட்டுத்திட்டம் வருகிறது என்றதும் அயலில் உள்ளவர்கள் முதலில் கேட்பது "யாருக்கு?" என்றுதான். அது வெறும் பொறாமையில்லை உறவுகளே. அம்பாறைக் கரையோரத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுதான் நுரைச்சோலை. (புத்தளத்து அனல்மின் நிலையம் இருக்கிற நுரைச்சோலை அல்ல, நம் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் உள்ளது.)

2004 டிசம்பர் 26 சுனாமி கோமாரி முதல் மருதமுனை வரை அடித்துப் போட்டது. அதன்பிறகு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசு. கரையில் இருந்தவர்களுக்கு உள்ளே காணி தேவைப்பட்டது. பேரியல் அஷ்ரப் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள், பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசலோடு அங்கே எழுந்தன.

எதிர்ப்பும் எழுந்தது. தீகவாபிப் புனித பூமிக்கு அருகில் அரச காணியை ஒரே சமூகத்துக்கு மட்டும் கொடுப்பதா என்று 2008இல் உயர் நீதிமன்றம் போனார்கள். தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

காணி தெரிவு செய்த நாளிலேயே இரு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. கூரை போட்ட பிறகு வழக்காகியது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடு மண்டின. சுனாமி வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது ஏ.எல். எழுதி முடித்துவிட்டார்கள்.