வேர்ட் கோப்புகளும் தொலைந்துபோகும் ஸ்டைல்களும்

ஒரு கணினியில் பார்த்துப் பார்த்து அடித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை இன்னொரு மென்பொருளில் திறந்தால், தலைப்பு ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எழுத்து ஒன்றுகூடப் போயிருக்காது. போனது ஸ்டைல். இது 40 வருடத்துக்கும் மேலான கதை நண்பர்களே!

1978-ல் வந்த வேர்ட்ஸ்டாரில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு குறி போட வேண்டும், அவ்வளவுதான். 1983-ல் டாஸுக்காக அறிமுகமான மைக்ரோசாஃப்ட் வேர்டின் ஸ்டைல் ஷீட் வேறு வழியில் போனது. பத்திக்கு "தலைப்பு" என்று பெயர் மட்டும் கொடுப்போம். தலைப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பது தனிக் கோப்பில் இருக்கும். அதை மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். அருமையான யோசனைதான். ஆனால் ஆவணத்தை மட்டும் ஃப்ளாப்பியில் கொடுத்துவிட்டு அந்தக் கோப்பை மறந்தால் போச்சு!

அன்றைய பெரிய போட்டியாளர் வேர்ட்பெர்ஃபெக்ட். அது குறிகளை எழுத்துக்கு நடுவிலேயே செருகும். ஒரு விசையைத் தட்டினால் எல்லாக் குறியும் திரையில் தெரியும். (அந்த வசதிக்காகவே அதை விடாதவர்கள் உண்டு.) வேர்டோ இந்த விவரங்களை எழுத்திலிருந்து பிரித்து வைத்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது "14 புள்ளி, தடிப்பு" என்ற தோற்றம் எப்படியோ வந்து சேரும். "இது தலைப்பு" என்ற பெயர் செத்துவிடும். பெயர் போனால் பொருளடக்கம் தானாக உருவாகாது. என்னைக் கேட்டால் உண்மையான இழப்பு இதுதான்.

1987-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆர்டிஎஃப் ஸ்டைல் பெயர்களையும் சுமந்தது. 2005-ல் ஓப்பன்டாகுமென்ட் ஓயாசிஸ் அமைப்பின் தரமானது. 2006-ல் ஐஎஸ்ஓவும் ஏற்றது. போட்டியாக மைக்ரோசாஃப்ட் முன்வைத்த ஓப்பன் எக்ஸ்எம்எல் சுமார் 6000 பக்கம்! அதன் முதல் பதிப்பில் "வேர்ட் 95 போல இடைவெளி விடு" என்ற ரீதியில் ஓர் அமைப்பு இருந்தது. வேர்ட் 95 எப்படி விட்டது? அதற்கு விளக்கமே இல்லை. 2008-ல் இது ஐஎஸ்ஓ தரமானபோது இந்தியா எதிர்த்தே வாக்களித்தது.

ஒரு டாக்எக்ஸ் கோப்பின் பெயரை ஜிப் என்று முடியும்படி மாற்றித் திறந்து பாருங்கள். ஸ்டைல்களுக்கென்றே தனிக் கோப்பு உள்ளே இருக்கும். டெம்ப்ளேட் மட்டும் இன்றும் வெளியேதான். ஆவணத்தில் அதன் முகவரி மட்டுமே பதிவாகிறது. அதிலுள்ள மேக்ரோக்கள் ஆவணத்தோடு பயணம் செய்வதில்லை.