நீலகிரி ஜீப்: பட்டறைகள் வளர்த்த வண்டி

தமிழ்நாட்டில் ஒரு வண்டி உயரமாகவும் சதுரமாகவும் இருந்துவிட்டால் போதும், கம்பெனி எதுவானாலும் அதன் பெயர் ஜீப் தான். போலீஸ் ஜீப், தேர்தல் பிரசார ஜீப், எஸ்டேட் ஜீப், பாரஸ்ட் ஜீப் என்று எத்தனையோ பார்த்திருப்போம். இவற்றில் எஸ்டேட் ஜீப்பின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. அதை உருவாக்கியது ராணுவம், விற்றது கம்பெனி. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உயிரோடு வைத்திருந்தவர்கள் மலையடிவாரத்திலும் மலை மேலும் இருந்த மெக்கானிக்குகள். நீலகிரியில் இன்று வார இறுதிகளில் பழைய ஜீப்பைப் பிரித்து மாட்டும் ஆர்வலர்கள் தொடர்வது அந்த மெக்கானிக்குகளின் வேலையைத்தான். அந்த வேலைக்கு இன்று ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

49 நாளில் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940ம் ஆண்டு. அமெரிக்க ராணுவத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய வண்டி தேவைப்பட்டது. 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போனது. முதல் மாதிரி வண்டியை 49 நாளில் தர வேண்டும் என்று நிபந்தனை! துணிந்து முன்வந்தவை பாண்டம், வில்லிஸ் என்ற இரண்டு சிறிய கம்பெனிகள் தான். கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தை வைத்து பாண்டம் கம்பெனி 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிவதற்குள், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. காரணம் அதன் என்ஜின். 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். அந்த அளவு வண்டிக்கு அது அதிகமான பலம். வில்லிஸால் மட்டும் தேவையான எண்ணிக்கையைத் தர முடியாது என்பதால் ஃபோர்டு கம்பெனியும் அதே வண்டியைச் செய்தது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வில்லிஸ் செய்த பாகம் ஃபோர்டு வண்டியில் பொருந்த வேண்டும், ஃபோர்டு செய்தது வில்லிஸில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டாயம். போர்க்களத்தில் உடைந்து கிடக்கும் இரண்டு வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியை உருவாக்க முடிய வேண்டும் அல்லவா? சாதாரண ஸ்பேனர்களை வைத்து, சேற்றில் படுத்துக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய வண்டியாக ஜீப் அமைந்தது இதனால் தான். போருக்காகச் செய்த இந்த ஏற்பாடு பின்னால் மலைக்கு வரமாக அமைந்தது.

பம்பாய் வழியாக மலைக்கு

1945ல் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அது இரும்பு வியாபாரம் செய்த கம்பெனி. நாடு பிரிந்ததும் குலாம் முகமது பாகிஸ்தான் சென்று அதன் முதல் நிதியமைச்சர் ஆனார். பிறகு கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். இங்கே 1948ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டும் வேலை 1940களின் இறுதியில் ஆரம்பமானது. பிறகு சிஜே-3பி என்ற உயரமான பானட் கொண்ட மாடலின் பாகங்கள் படிப்படியாக இங்கேயே தயாராயின. அமெரிக்காவில் அந்த மாடலை 1960களில் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலோ அதன் வழிவந்த வண்டிகள் 2000க்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

நீலகிரிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறு இருக்க முடியாது. 1819ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறியபோது இருந்தவை ஒற்றையடிப் பாதைகள். மலை ரயில் 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் வந்தது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து எஸ்டேட்டுக்கும், எஸ்டேட்டிலிருந்து லயன் வீடுகளுக்கும் இருந்தவை மண் பாதைகள் தான். மழைக்காலத்தில் சாதாரண கார் அங்கே ஓடாது.

தேயிலைக்கு இன்னொரு அவசரமும் உண்டு. பறித்த பச்சை இலை சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். மூட்டையில் அடைந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும், விலை போகாது. இலை மூட்டை, உரம், சம்பளப் பணம், எஸ்டேட் டாக்டர், பிரசவ வலி கண்ட பெண் என எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஜீப் தேவைப்பட்டது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1968ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டபோது கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் இந்தத் தேவை இன்னும் கூடியது.

மலை வண்டியை என்ன செய்யும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. தான். ஆனால் அந்த 50 கி.மீ.க்குள் வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் என்ஜினுக்குக் காற்று குறைந்து பெட்ரோல் மட்டும் அதே அளவு வந்தால் கரும்புகை தள்ளும், இழுவை போய்விடும். அதனால் மலை மெக்கானிக் சிறிய ஜெட் மாற்றிப் போடுவார். தண்ணீரும் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சரியாக இல்லாவிட்டால் பாதி வழியில் ஆவி கிளம்பும்.

இறங்கும்போது வேறு பிரச்சினை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம்.

ஜீப்பில் கியர் லீவர் தவிர இன்னும் இரண்டு சிறிய லீவர்கள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களை இயக்கத்தில் சேர்ப்பதற்கு. மற்றொன்று லோ கியருக்கு. சேற்றில் இவை உயிர் காக்கும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது, எனவே சுமை முழுவதும் பல்சக்கரங்கள் மேல் விழுந்து அவை தேயும், உடையும்.

பட்டறையில் நடந்த மாற்றங்கள்

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. லிட்டருக்குச் சில கிலோமீட்டரே தரும் பெட்ரோல் ஜீப்பை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனியே டிராக்டர் என்ஜின் வழிவந்த டீசல் என்ஜினை ஜீப்பில் வைத்தது. 1979ல் பிரான்சின் பூஜோ நிறுவனத்திடம் டீசல் என்ஜினுக்கு உரிமம் வாங்கி, 1980களில் எம்எம் 540 போன்ற மாடல்களில் பொருத்தியது. புது வண்டி வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? பழைய ஜீப்பையே பட்டறையில் விட்டு டீசல் என்ஜின் மாற்றினார்கள்.

இது என்ஜினைத் தூக்கி வைப்பதோடு முடியும் வேலை அல்ல. டீசல் என்ஜின் எடை கூடியது, எனவே முன்பக்கக் கமான் பட்டையில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். என்ஜின் மவுண்டிங்கைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். டீசல் என்ஜின் பெட்ரோல் அளவுக்கு வேகமாகச் சுழலாது, ஆகவே பழைய கிரவுன் பினியனோடு ஓட்டினால் வண்டி ஊர்ந்துதான் போகும். அதையும் மாற்ற வேண்டும். கிடைக்காத பாகத்தைச் சென்னை புதுப்பேட்டையில் தேடுவார்கள். அங்கும் இல்லையென்றால் கோவையில் லேத் பட்டறையில் கடைந்து வாங்குவார்கள். பின்னால் இருபுறமும் நீள இருக்கை, தார்ப்பாய்க்குப் பதில் தகரக் கூரை, பெரிய டயர் என்று ஒவ்வொரு ஜீப்பும் அதன் வேலைக்கு ஏற்ப மாறியது.

இது நீலகிரியில் மட்டும் நடந்ததல்ல. இன்னொரு தேயிலை மலையான டார்ஜிலிங்கில், சந்தக்ஃபு சிகரத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 1950களின் லேண்ட் ரோவர்கள் பல இப்படி இந்திய டீசல் என்ஜின் மாற்றியே ஓடின.

கூடிச் செய்யும் வேலை

1990களுக்குப் பிறகு எஸ்டேட்டுகளுக்கு வேறு வண்டிகள் வந்தன. 1985ல் வந்த மாருதி ஜிப்சியும் மலையில் பரவியது. பழைய ஜீப்புகள் மெல்ல ஆர்வலர்கள் கைக்கு வந்தன. எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளைகள், கோவை தொழில்முனைவோர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்று பலதரப்பட்டவர்கள்.

இந்தப் பொழுதுபோக்கைத் தனியாகச் செய்ய முடியாது. கரடுமுரடான பாதையில் குறைந்தது இரண்டு வண்டியாவது சேர்ந்து போக வேண்டும் என்பது முதல் விதி. ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்க வேண்டுமே. திரும்பி வந்த பிறகும் வேலை முடியாது. ஓடையில் இறங்கிய வண்டி என்றால் மறுநாளே டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் புது கிரீஸ் அடித்துப் பழைய சேற்றை வெளியே தள்ள வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மலைப் பனியில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதையும் விடாமல் பார்க்க வேண்டும். ஒருவரிடம் ஸ்பேனர் செட், ஒருவரிடம் வெல்டிங் மெஷின், இன்னொருவரிடம் உதிரி கியர்பாக்ஸ். எல்லோருக்கும் நடுவில் வயதான ஒரு மெக்கானிக், சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்பவர். இந்த அறிவு எந்த மேனுவலிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. 2000ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

2021ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 வயது கடந்த வண்டிகளுக்கு இது கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது!

இப்போது நீலகிரி ஜீப்பின் நிலைமையைப் பாருங்கள். என்ஜின் மாற்றியதால் தான் அது 50 ஆண்டு வாழ்ந்தது. அதே காரணத்தால் பழம்பெரும் வாகனம் என்ற மரியாதை அதற்குக் கிடைக்காது. சாதாரண வண்டியாக ஓடினாலும் பதிவுப் புத்தகத்தில் ஏறாத மாற்றம் என்று குற்றமாகிவிடும். ஷெட்டில் மூடி வைத்த ஜீப்புக்கு வழி உண்டு, உழைத்த ஜீப்புக்கு இல்லை.

சட்டத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. கண்டபடி வெல்டிங் செய்த சேஸிஸும், எடைக்குப் போதாத பிரேக்கும் மலைப்பாதையில் எதிரே வருபவரையும் சேர்த்துக் கொல்லும். அதேபோல சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் வண்டி ஏற்றுவது மன்னிக்க முடியாத தவறு. ஒரு டயர் தடம் அடுத்த மழையில் ஓடையாக மாறி மண்ணை அரித்துவிடும். 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கும் மலை இது. பொறுப்பான ஆர்வலர்கள் உரிமையாளர் அனுமதியோடு தனியார் எஸ்டேட் பாதைகளில் மட்டுமே ஓட்டுகிறார்கள்.

ஆனால் நேற்று ஃபேஷனுக்காகச் செய்த மாற்றமும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புக்காகச் செய்த மாற்றமும் ஒன்றாகுமா? பழைய மாற்றங்களை ஒருமுறை முறையாகச் சோதித்து, பிரேக்கும் சேஸிஸும் சரியாக இருந்தால் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தால் பாதுகாப்பும் கிடைக்கும், வரலாறும் மிஞ்சும். இல்லாவிட்டால் இந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

வண்டி போனாலும் இன்னொன்று வாங்கலாம். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. கற்றுக்கொள்ள ஜீப்பும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் இளைஞர்களும் இருக்கும்வரை தான் அந்த வித்தையும் இருக்கும்.