எழுத்துகளை எண்ணிய மனிதர்

கையில் ஏழு எழுத்துகள். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு ஓர் ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கிராபிள் விளையாட்டு அடிப்படையில் இவ்வளவுதான். (ஏழையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 புள்ளிகள் போனஸ்.) ஆனால் பொழுதுபோக்காக ஆரம்பித்த இந்த விஷயம், "சொல் என்பது எழுத்துகளின் அடுக்கா, இல்லை அதன் அர்த்தமா?" என்று பெரிய சண்டை வரை போனது. அந்தக் கதை ஒரு மனிதருக்கு வேலை போனதில் ஆரம்பிக்கிறது.

1931. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக இருந்த ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸுக்கு வேலை போய்விட்டது. யாரும் கட்டடமே கட்டாத காலத்தில் அவரை யார் கூப்பிடுவார்கள்? சும்மா இருந்த மனிதர், சந்தையில் இருந்த விளையாட்டுகளை வகை பிரித்து ஆராய ஆரம்பித்தார். பகடை மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்புபவை ஒரு பக்கம், சதுரங்கம் மாதிரி முழுக்க மூளையை நம்புபவை மறு பக்கம். இரண்டும் கலந்த ஒன்று வேண்டும், அதுவும் சொற்களை வைத்து என்று முடிவு செய்தார்.

சரி, எந்த எழுத்து எத்தனை வேண்டும்? இங்கேதான் பட்ஸின் பொறுமை தெரிகிறது. நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். கம்ப்யூட்டரா, கால்குலேட்டரா? தாளும் பென்சிலும்தான்.

அந்தக் கணக்கில் இருந்து பிறந்ததுதான் இன்றைய ஆங்கில ஸ்கிராபிளின் 100 வில்லைகள். 'இ' 12 இருக்கிறது. 'ஏ', 'ஐ' தலா 9. இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு புள்ளி. 'க்யூ', 'இஸட்' இரண்டும் ஒவ்வொன்றுதான், மதிப்போ தலா 10. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்று பொருளாதாரப் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்! ஆனால் ஓர் இடத்தில் பட்ஸ் தன் கணக்கையே மீறினார். 'எஸ்' ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து. இருந்தும் நான்குதான் வைத்தார். காரணம், எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் ஓர் 'எஸ்' ஒட்டினால் பன்மை ஆகிவிடும். நிறைய இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும். எண்ணத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். எண்ணியதை எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்ததுதான் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம். (எழுத்துப்பிழை விடுவதில் பட்ஸ் பேர்போனவர், மனைவி நீனா அவரை அடிக்கடி தோற்கடிப்பாராம் என்பது தனிக்கதை.)

முதலில் இதற்கு லெக்ஸிகோ என்று பெயர். பலகைகூடக் கிடையாது. பெரிய விளையாட்டு கம்பெனிகள் திருப்பி அனுப்பின. 1938இல் பலகை சேர்ந்து, பெயர் கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ் ஆனது. அப்போதும் யாரும் வாங்கவில்லை. கடைசியில் 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர், விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ராயல்டி என்ற ஒப்பந்தத்தில் எடுத்து, ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். கையால் துழாவுவது, பிறாண்டுவது என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பொருத்தமான பெயர்தான். 1949இல் 2,400 பெட்டிகள் செய்து விற்று, 450 டாலர் நஷ்டம் பார்த்தார். 1952இல்தான் வியாபாரம் திடீரென்று சூடு பிடித்தது. மேஸிஸ் கடையின் தலைவர் விடுமுறையில் இதை விளையாடிவிட்டு, தன் கடையில் ஏன் இல்லை என்று கேட்டதுதான் காரணம் என்பார்கள். அதன் பிறகு பெட்டிகளைச் செய்து மாளவில்லை.

வீட்டுக்கு வீடு ஆட ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு சண்டையும் வரும். "இது ஒரு சொல்லா?" என்பதுதான் சண்டை. இதைத் தீர்க்க 1978இல் மெரியம் நிறுவனம் ஸ்கிராபிளுக்கென்றே ஓர் அதிகாரபூர்வ அகராதி வெளியிட்டது. அதில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் இல்லை. போட்டிக்காரர்களின் படிப்பே மாறிப்போனது. அர்த்தத்தை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். கைக்கு வந்த எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிக்கொள்வது ஒரு வழி. இ, ஐ, எல், என், எஸ், டி என்று அடுக்கியதும் லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் எல்லாம் ஒரே சாவியில் திறந்துகொள்ளும். கம்ப்யூட்டரும் சும்மா இருக்கவில்லை. 1988இல் ஆப்பெல், ஜேக்கப்சன் என்ற இருவர், ஒரே மாதிரி ஆரம்பிக்கும், முடியும் சொற்களைப் பாதையாக இணைத்து அகராதியையே ஒரு வலையாக மாற்றி, பலகையில் வைக்கக்கூடிய எல்லாச் சொற்களையும் சட்டென்று எடுக்கும் நிரலை வெளியிட்டார்கள்.

அர்த்தத்தை இப்படி வெளியே நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்தபோது, அது பின்வாசல் வழியாக வந்தது. அகராதியில் இனத்தையும் மதத்தையும் இழிவுபடுத்தும் வசைச்சொற்கள் இருப்பதற்கு எதிர்ப்புக் கிளம்ப, உரிமை வைத்திருந்த ஹாஸ்ப்ரோ அவற்றை நீக்குவதாக 1994இல் அறிவித்தது. போட்டிக்காரர்கள் கொதித்தார்கள். பலகையில் வைக்கும்போது அது வசை அல்ல, வெறும் எழுத்துகளும் புள்ளிகளும்தான் என்பது அவர்கள் வாதம். கடைசியில் வீட்டுக்கு ஒரு பட்டியல், போட்டிக்கு ஒரு பட்டியல் என்று சமரசம். அதுவும் நிலைக்கவில்லை. 2020இல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் இருந்தும் வசைச்சொற்கள் போயின. 2021இல் மற்ற நாடுகளின் உரிமையாளரான மேட்டல் சுமார் 400 சொற்களை நீக்கியது. போட்டிக்காரர்களின் வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லால் திட்டு வாங்கிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், அவருக்கு அது எட்டுப் புள்ளியாக மட்டும் தெரியுமா?

இருந்தாலும் அந்த வாதத்துக்கு உயிருள்ள சாட்சி ஒருவர் உண்டு. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், 2007 முதல் 2019 வரை ஐந்து முறை ஆங்கிலத்தில் உலக சாம்பியன். 2015இல் சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சு அகராதியைப் படித்துவிட்டு, பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். 2024இல் ஸ்பெயினின் கிரனடாவில் ஸ்பானியப் பட்டமும் அவருக்கே. பெல்ஜியத்தில் வென்றபோது அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கமும் புள்ளி சொல்ல எண்களும்தான் என்றார்கள். மேடையில் பேச மொழிபெயர்ப்பாளர் வர வேண்டியிருந்தது.