பீடோங்: ஏற்றுமதித் தொழிலும் வேலைத்தரமும்

பீடோங், மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே உள்ள ஊர். கோலா மூடா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஹார்வர்ட் போன்ற ரப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களின் உழைப்பால் வளர்ந்தது. இங்கே வெட்டிய ரப்பர் பாலுக்கு விலை வைத்தது வெளிநாட்டுச் சந்தை. விலை சரிந்தால் கூலி உடனே சரியும். ஏறும்போதுதான் கணக்குப் பார்ப்பார்கள். மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்திய ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி, உலகப் பெருமந்தத்தின்போது 1930இல் 40 காசானது. 1936இல் இந்திய அரசின் சார்பில் நேரில் வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி பழைய கூலியையே தரச் சொன்னார். ரப்பர் விலை மறுபடி இறங்கிக் கூலியும் குறைந்தபோது, 1938இல் இந்திய அரசு தோட்டக்கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

வேலையின் தரத்தைக் கூலியை மட்டும் வைத்து அளக்க முடியாது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் தன் மர நிரை முழுவதும் வெட்டி முடிக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது; வெட்டிய பின் மழை வந்தால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சேர்ந்த பாலும் தண்ணீரோடு போகும். ஸ்டோரில் கிராணி (எழுத்தர்) வாளிக்குள் மெட்ரோலக் கருவியை மிதக்கவிட்டு ரப்பர் அளவைப் பார்ப்பார். அவர் எழுதும் எண்ணை எதிர்த்துக் கேட்பது எளிதல்ல. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துடையது, ஆகவே வேலை போனால் வீடும் போகும். தோட்டத்துக் கள்ளுக்கடையோ கொடுத்த கூலியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏ. எம். சாமி தலைமையில் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளை எதிர்த்துக் கிளம்பியதற்கு ஒழுக்கம் மட்டும் காரணம் என்று எழுதுவது பாதிக் கதைதான். 1947இல் பீடோங் வட்டாரத்தில் அந்த எதிர்ப்பு போலீசாரோடு மோதலில் முடிந்தது.

1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு கூட்டு ஒப்பந்தம் செய்தது. அப்போதும் வெட்டுக்கூலி ரப்பர் விலையோடுதான் கட்டப்பட்டிருந்தது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் வந்தது: தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட். 2025இல் அது 1,700 ஆனது.

இதற்குள் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி, கூலிம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அங்கே வெயிலும் மழையும் இல்லை, ஷிப்டு உண்டு. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஓவர்டைமும் குறையும். தோட்டங்களில் அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ரப்பர் பாலின் இன்றைய பெரிய ஏற்றுமதி வடிவம் கையுறை. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில் மலேசியக் கையுறை நிறுவனமான டாப் குளோவின் துணை நிறுவனங்களது சரக்கைத் தடுத்தது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் கடன்பட்டு முகவர்களுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, தங்குமிடங்களையும் சீர்செய்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.