விடியும்வரை காத்திருக்கலாமா?

நடுங்க நடுங்கக் குளிர் ஜுரம். கண்ணில் மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே வலி. தனித்தனியாகத் தெரிந்த இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, 1877-ல் எழுதி வைத்தவர் பாரிஸ் டாக்டர் ஷார்கோ.

வேடிக்கை என்னவென்றால், மனிதர் நரம்பு நோய்களுக்குத்தான் பேர் போனவர். சிக்மண்ட் ஃப்ராய்டு 1885-ல் வியன்னாவிலிருந்து பாரிஸுக்குப் போய் அவரிடம்தான் பாடம் கேட்டார். ஆனாலும் கல்லீரல் டாக்டர்கள் இன்றுவரை ஷார்கோ பெயரைச் சொல்வது இந்த மூன்று அறிகுறிகளுக்காக!

விஷயம் இதுதான். கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வந்து சேர ஒரு குழாய் இருக்கிறது. பித்தநாளம் என்று பெயர். அகலம் அரை சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று அதில் சிக்கிக்கொண்டால் போச்சு. பித்தம் தேங்கும். குடலிலிருந்து வந்த கிருமிகள் அதில் பெருகும். அழுத்தம் ஏற ஏற, அவை கல்லீரல் வழியாக ரத்தத்தில் புகுந்துவிடும். அப்புறம் அது குழாய்ப் பிரச்னை இல்லை; உயிர்ப் பிரச்னை.

1959-ல் ரெனால்ட்ஸ், டார்கன் என்ற அமெரிக்க டாக்டர்கள் ஷார்கோவின் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் சரிவது, நினைவு தடுமாறுவது. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் நினைவு தடுமாறும்வரை காத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்!

சரி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? பிளட் கல்ச்சர் செய்து, அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். நேரடிச் சாட்சி. ஆனால் முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் வேண்டுமே?

இங்கேதான் ரத்தமே துப்புக் கொடுக்க ஆரம்பித்தது. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். நிமோனியா நோயாளியின் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள், அந்தக் கிருமியின் 'சி' என்ற பகுதியோடு சேர்ந்து படிகிறது. நோய் தணிந்ததும் காணாமல் போகிறது! லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் சி.ஆர்.பி. அதுதான்.

சி.ஆர்.பி.யிடம் ஒரு குறை உண்டு. அது வாசலில் கட்டிய நாய் மாதிரி. திருடனுக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும். கிருமியே இல்லாத மூட்டு வாதத்துக்கும் எகிறும்.

1993-ல் பிரான்ஸிலிருந்து அடுத்த துப்பு வந்தது. பெயர் புரோகால்சிடோனின். தைராய்டு சுரப்பியில் உருவாகும் கால்சிடோனின் ஹார்மோனின் முந்தைய வடிவம். ஆரோக்கியமாக இருப்பவர் ரத்தத்தில் மருந்துக்குக்கூட இருக்காது. 79 குழந்தைகளைச் சோதித்தபோது, கடுமையான பாக்டீரியா தொற்று உள்ளவர்களிடம் இது தாறுமாறாக ஏறியிருந்தது. வைரஸ் ஜுரத்தில் அவ்வளவு ஏறவில்லை. ஏறுவதும் சில மணி நேரத்திலேயே!

பின்னாளில் பித்தநாளத் தொற்றிலும் இதைச் சோதித்தார்கள். நோய் முற்றியவர்களிடமும், கல்ச்சரில் கிருமி வளர்ந்தவர்களிடமும் அளவு அதிகமாகவே இருந்தது.

முன்பே தெரிந்து என்ன பயன் என்கிறீர்களா? 1992-ல் ஹாங்காங் டாக்டர்கள் நோய் முற்றிய 82 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு பித்தத்தை வடியவிட்டவர்களில் 10 சதவீதம்தான். அந்தக் குழாயை இன்று ராத்திரியே விடுவதா, நாளை பார்த்துக்கொள்வதா? அதைத் தீர்மானிக்கத்தான் டாக்டருக்குத் துப்பு தேவை.

அதற்காக ஒற்றை நம்பரை நம்பிவிட முடியாது. சிறுநீரகம் பழுதானவருக்கும் புரோகால்சிடோனின் ஏறும். 2018-ல் வெளியான டோக்கியோ வழிகாட்டி நோயின் தீவிரத்தைக் கணிக்கச் சொல்லும் பட்டியலில் அதற்கு இடமில்லை. வெள்ளை அணுக்கள், பிலிருபின், வயது, ஜுரம் என்று பலவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

இத்தனை சோதனையும் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான். வீட்டில் இருக்கும்போது ஷார்கோ சொன்ன மூன்றுதான் துணை. குளிர் ஜுரத்தோடு கண்ணும் மஞ்சளாகி, வயிறும் வலித்தால், காலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.