கதிரவன் காணாக் கடலடி உயிர்கள்

ஆழ்கடலில் உயிர் வாழ இயலாது என்பது ஒரு காலத்தில் கற்றோர் கொள்கையாகவே இருந்தது. பிரிட்டிஷ் இயற்கை நூலறிஞர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1841-42இல் ஏஜியன் கடலின் அடித்தளத்தை வாரி எடுத்து ஆராய்ந்தார். ஆழம் செல்லச் செல்ல உயிர்கள் அருகுவதைக் கண்டு, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது எனத் துணிந்தார். உயிர்வளம் குன்றிய ஒரு கடலை வைத்து எல்லாக் கடல்களையும் அளந்தது அவர் பிழை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் அந்த ஐயத்தை அகற்றியது. ஆயினும் ஆழ்கடல் உயிர்கள் மேலிருந்து உதிரும் எச்சங்களை நம்பிப் பிழைக்கும் ஏழைகளே என்ற எண்ணம் மேலும் ஒரு நூற்றாண்டு நிலைத்தது.

1977 பிப்ரவரியில் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைத் தேடி ஒரு குழு சென்றது. ஆளில்லாக் கருவி ஒன்று எடுத்த சுமார் 3,000 படங்களுள், நீரின் உஷ்ணம் சற்றே ஏறிய இடத்தில் பதிவான 13 படங்களில் மட்டும் சிப்பிகள் குவிந்து கிடந்தன. பிறகு ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் மூவர் இறங்கினர். பாலைவனம் என்றெண்ணிய இடத்தில் சிப்பிகள், நண்டுகள், செந்நிறக் கொண்டை சூடிய குழாய்ப்புழுக்கள்! வேடிக்கை யாதெனில், அக்கப்பலில் பூகர்ப்ப சாஸ்திரிகள் இருந்தனர், உயிரியலார் ஒருவருமில்லை. உயிரினங்களைப் பதப்படுத்தும் திராவகம் போதாமல், பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்கா மதுவும் அப்பணிக்கு உதவிற்று. மேலே கொண்டுவந்த நீரைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வீசியது. விடை அந்த நாற்றத்திலேயே இருந்தது.

இரண்டு மீட்டர் வரை வளரும் அப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. அதன் உடலில் கந்தகப் படிகங்கள் காணப்பட்டதை 1980இல் ஹார்வர்டில் மெரிடித் ஜோன்ஸ் விவரித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்த மாணவி காலீன் கவனா எழுந்து, உள்ளே கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் குடியிருக்க வேண்டும் என்றார். 1981இல் அதற்குச் சான்றுகளும் வெளியிட்டார். நாற்றமுள்ள அந்த ஹைட்ரஜன் சல்பைடைப் புழு தன் இரத்தத்தில் ஏற்றிக் கொடுக்கிறது. பாக்டீரியாக்கள் அதிலிருந்து சக்தி பெற்று உணவு சமைக்கின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இங்கே ஒரு தயக்கம். ஒளிச்சேர்க்கைக்கு இணையாக இதனை வேதிச்சேர்க்கை என்று எளிதில் எழுதிவிடலாம். ஆனால் இவ்வுயிர்கள் சூரியனுக்குக் கடன்படாதவை என்று சிலர் பேசுவது மிகை. கந்தகத்தை எரிக்க அந்த பாக்டீரியாக்கள் கொள்ளும் பிராணவாயு, மேலே வெயிலில் பசுமை ஈன்றதே.

நம் அண்டைக் கடலிலும் இத்தகைய ஊற்றுகள் உண்டு. 2001இல் இந்து மகாசமுத்திரத்துக் கைரெய் ஊற்றருகே, இரும்புச் சல்பைடு பூசிய செதில்களைக் காலில் அணிந்த நத்தை ஒன்று கண்டறியப்பட்டது. அதே மகாசமுத்திரத்தில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சல்பைடுக் கனிமங்களை ஆராய நம் அரசு 2016இல் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்தது. கடலடிச் சுரங்கங்களால் நேரக்கூடிய கேட்டை முன்னிட்டு, 2019இல் அந்நத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. கனிமம் அவிந்துபோன ஊற்றுகளிலும் கிடைக்கும். நத்தைக்கோ கொதிக்கும் ஊற்றன்றி வேறு வீடில்லை.