ஜெர்மனியின் வெளிநாட்டு அஞ்சலகங்களின் அஞ்சல்தலைகள்

ஜெர்மனியின் வெளிநாட்டு அஞ்சலகங்களின் அஞ்சல்தலைகள் என்பன, ஓட்டோமான் பேரரசு, சீனா, மொரோக்கோ ஆகிய நாடுகளில் ஜெர்மன் அஞ்சல்துறை நடத்திய அஞ்சலகங்களில் 1870க்கும் 1919க்கும் இடையே பயன்பட்ட அஞ்சல்தலைகள் ஆகும். இந்நாடுகள் ஜெர்மனியின் குடியேற்ற நாடுகள் அல்ல. எனவே அஞ்சல்தலைப் பட்டியல் நூல்களில் இவை குடியேற்ற நாடுகளின் தலைகளிலிருந்து வேறாகவே வரிசைப்படுத்தப்படுகின்றன. இவற்றுட் பல, ஜெர்மனிக்குள் விற்கப்பட்ட அதே தலைகளே. அத்தகைய தலை எந்நாட்டில் பயன்பட்டது என்பதை, அதன்மீது இடப்பட்ட அஞ்சல்குறியைக் கொண்டே அறிய முடியும்.

பின்னணி

ஓட்டோமான் பேரரசில் ஐரோப்பிய நாடுகள் பெற்றிருந்த சிறப்புரிமைகளின் துணையுடன் பல நாடுகள் தத்தம் அஞ்சலகங்களை அங்கு நடத்தின. ஓட்டோமான் அரசு 1874ஆம் ஆண்டின் பேர்ண் அஞ்சல் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பின்னரும் இந்நிலை தொடர்ந்தது. வட ஜெர்மன் கூட்டமைப்பு 1870 மார்ச் 1 அன்று கான்ஸ்டண்டிநோபிளில் தன் அஞ்சலகத்தைத் திறந்தது. பின்னர் யாஃபா, ஜெருசலேம், பெய்ரூட், சிமிர்னா ஆகிய நகரங்களிலும் ஜெர்மன் அஞ்சலகங்கள் அமைந்தன.

சீனாவில் முதல் ஜெர்மன் அஞ்சலகம் 1886இல் சாங்காயில் திறக்கப்பட்டது. 1896இல் சீன அரசு தனது தேசிய அஞ்சல்துறையை நிறுவிய பின்னரும் அயல்நாட்டு அஞ்சலகங்கள் மூடப்படவில்லை. மாறாக, அவற்றின் எண்ணிக்கை கூடியது. மொரோக்கோவில் ஜெர்மன் அஞ்சல் சேவை 1899 டிசம்பரில் தொடங்கியது. தம் மண்ணில் அயல்நாட்டு அஞ்சல்தலை விற்கப்படுவதை ஓட்டோமான் அரசும் சீன அரசும் தம் இறையாண்மைக்கு நேர்ந்த குறையாகவே கருதின.

முதலாம் உலகப் போர் இவ்வஞ்சலகங்களுக்கு முடிவு கட்டியது. 1914இல் ஓட்டோமான் அரசு சிறப்புரிமைகளை நீக்கியதுடன் அங்கிருந்தவை மூடப்பட்டன. மொரோக்கோவின் பிரெஞ்சுப் பகுதியில் 1914இலும், சீனாவில் 1917இலும், மொரோக்கோவின் எசுப்பானியப் பகுதியில் 1919இலும் சேவை நின்றது.

வகைகள்

முன்னோடித் தலைகள்: மேலச்சு ஏதுமின்றி வெளிநாட்டு அஞ்சலகங்களில் பயன்பட்ட சாதாரண ஜெர்மன் தலைகள் இவை. ஜெர்மன் மொழியில் 'ஃபோர்லாய்ஃபர்' எனப்படுகின்றன. மிக்கேல் பட்டியல் நூலில் இவற்றின் எண்களுக்கு முன் 'வி' என்னும் இலத்தீன் எழுத்து இடப்படுகிறது.

மேலச்சுத் தலைகள்: அச்சிட்டு முடிந்த தலையின்மீது நாட்டின் பெயரோ உள்ளூர் நாணய மதிப்போ மீண்டும் அச்சிடப்படுவது மேலச்சு ஆகும். ஓட்டோமான் பேரரசுக்கான தலைகளில் 1884 முதல் பாரா, பியாஸ்டர் மதிப்புகள் இடம்பெற்றன. 40 பாரா ஒரு பியாஸ்டர். 20 பிஃபென்னிக் தலைமீது 1 பியாஸ்டர் என அச்சிடப்பட்டது. சீனாவுக்கான தலைகளில் 1898 முதல் நாட்டின் பெயரும், 1905 முதல் அதனுடன் சென்ட், டாலர் மதிப்புகளும் அச்சிடப்பட்டன. மொரோக்கோவுக்குரியவற்றில் நாட்டின் பெயருடன் எசுப்பானிய நாணய மதிப்பும் காணப்படும்.

இனங்காணல்

அடிப்படைத் தலை: ஜெர்மானியா உருவம் கொண்ட தலைகள் 1900இல் 'ரைக்ஸ்போஸ்ட்' என்ற சொல்லுடன் வெளிவந்தன. 1902 முதல் அதற்குப் பதிலாக 'டாய்ச்சஸ் ரைக்' என்ற சொற்கள் இடம்பெற்றன. எனவே மேலச்சின் அடியில் உள்ள சொல், வெளியீட்டின் காலத்தை அறிய உதவும். 1905க்குப் பிந்திய வெளியீடுகளிற் பல, வைர வடிவ நீர்க்குறி கொண்ட தாளில் அச்சிடப்பட்டவை.

மேலச்சின் கோணம்: 1898ஆம் ஆண்டின் சீனத் தலைகளில் மேலச்சு சாய்வாக உள்ளது. சாய்வு 45 பாகையாகவும் 56 பாகையாகவும் இருவகைப்படும். இரண்டும் தனித்தனி வகைகளாகப் பட்டியலிடப்படுவதால் கோணமானியால் அளந்து பார்த்தல் வேண்டும்.

எழுத்துக்கூட்டல்: மொரோக்கோவின் பெயர் தொடக்கத்தில் இரண்டு 'சி' எழுத்துகளுடனும், 1911 முதல் இரண்டு 'கே' எழுத்துகளுடனும் அச்சிடப்பட்டது.

படம்: சீனாவில் ஜெர்மனி குத்தகைக்குப் பெற்ற கியாவ்சோ பகுதிக்கு 1901 முதல் பேரரசரின் உல்லாசக் கப்பல் படம் கொண்ட தனித் தலைகள் இருந்தன. ஆனால் அதற்கு முன்னர் சீன மேலச்சுத் தலைகளே அங்கும் பயன்பட்டன. இவற்றைச் சிங்டாவ் போன்ற அப்பகுதி ஊர்களின் அஞ்சல்குறிகளைக் கொண்டே பிரித்தறியலாம்.

போலிகள்

மேலச்சற்ற சாதாரணத் தலை மலிவானது; அதன்மீது தெளிவான சாங்காய் அஞ்சல்குறி இருப்பின் விலை பன்மடங்கு உயரும். இக்காரணத்தால் போலி அஞ்சல்குறிகள் மிகுதியாக உள்ளன. 1900ஆம் ஆண்டில் பாக்சர் கிளர்ச்சிக் காலத்தில் தியான்சினில் கைமுத்திரையால் மேலச்சிடப்பட்ட தலைகள் அரியவை. அவற்றிற்கும் போலிகள் உண்டு. எளிய சோதனைகள் சில வருமாறு:

* அஞ்சல்குறியின் நாள், தலை வெளியான நாளுக்கு முந்தியதாக இருத்தல் கூடாது. அஞ்சலகம் மூடப்பட்ட நாளுக்குப் பிந்தியதாகவும் இருத்தல் கூடாது.
* மேலச்சு முதலிலும் அஞ்சல்குறி பின்னரும் இடப்படும். உருப்பெருக்கியில் மேலச்சின் மை அஞ்சல்குறியின் மேல் படிந்திருப்பின் அது போலியாகும்.
* குறியின் எழுத்துவடிவம், விட்டம் ஆகியவற்றை ஐயமற்ற உறையிலுள்ள குறியுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

விலையுயர்ந்த தலைகளை நிபுணர் சான்றிதழின்றி வாங்குதல் தகாது.

சேகரிப்பு முறை

தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் உறையிலிருந்து தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பது வழக்கம். இவ்வகைத் தலைகளுக்கு அது பெருங்கேடாகும். அஞ்சல்குறியின் ஒரு பாதி தலையின்மீதும் மறுபாதி உறையின்மீதும் விழுந்திருக்கக்கூடும். பிரித்தெடுத்தால் ஊரின் பெயரோ நாளோ பாதியில் அறுபட்டுவிடும். முன்னோடித் தலைக்கு வேறு சான்று இல்லாமையால், அதன்பின் அது ஜெர்மனிக்குள் பயன்பட்ட எண்ணற்ற தலைகளுள் ஒன்றாகிவிடும். முழு உறையில் முகவரி, பயண வழி, சேருமிடக் குறி ஆகியனவும் எஞ்சியிருக்கும். ஆகவே உறையை முழுமையாகவும், அது இயலாதபோது அஞ்சல்குறி முழுவதும் அடங்கிய துண்டாகவும் பாதுகாத்தல் நன்று.